உடன்பிறந்தாளை வேட்டவன்

சிதம்பரம்
மாசி, வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள செல்வி,

ஐப்பசியில் நீ எழுதியதும் கிடைத்தது, பொங்கலுக்கு எழுதியதும் கிடைத்தது. இரண்டுக்கும் பதில் போடாதது என் தப்புதான். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து எங்களுக்கும் சொல்கிறாள். சின்னவனுக்குத் திருச்சியில் வேலை. வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. நம் தமிழய்யாவைக் கீழவீதியில் பார்த்தேன், "அந்த ரெண்டாவது ஆள் எங்கே?" என்றுதான் இன்னமும் கேட்கிறார். நலம் விசாரிப்பு இத்துடன் போதும். இன்று உனக்கு எழுத வேண்டியது வேறு.

என் நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கத்தாதே. நீ எப்போதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாய், அவனும் அவளும் சேர்ந்தார்களா என்று பார்த்துக்கொண்டுதான் முதல் பக்கத்துக்கே வருவாய். சென்ற ஆடியில் நான் அனுப்பிய கைப்பிரதியிலும் அதைத்தான் செய்தாய். "கல்யாணம் நடக்கிறது, சரி, இனி நிம்மதியாகப் படிக்கிறேன்" என்று எழுதினாய். அந்தக் கல்யாணம் நடக்காது போலிருக்கிறது, செல்வி. நடந்தாலும் நீ படித்த மாதிரி நடக்காது.

போன வாரம் உடையார்குடிக்குப் போனேன். காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறி இறங்கினால் கொஞ்ச தூரத்தில் அனந்தீசுவரர் கோயில். கதை நடக்கும் ஊரை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கல்வெட்டையும் அச்சில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஆனால் கல்லுக்கு முன்னால் போய் நின்றதில்லை. கருவறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறிக் கிடந்தது. குருக்கள் தம் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை; சாய்த்த பிறகுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழுந்தன. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கிரந்தத்தில் ஸ்வஸ்திஸ்ரீ, பிறகு இராஜகேசரிவர்மருக்கு யாண்டு இரண்டு. விரலை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் எழுத்துக் கூட்டினேன்.

அது ஒரு கடிதம், தெரியுமா? சக்கரவர்த்தி ஸ்ரீமுகம் என்றே தொடங்குகிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களுக்கு, அதாவது ஊர்ச் சபைக்கு, ராஜராஜன் எழுதிய ஓலை. பட்டமேறியது 985. இது இரண்டாம் ஆண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்று துரோகிகளான சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் பெயராகச் சொல்கிறது. பிரமாதிராஜன் என்பது அரசன் தன் பிராமண அதிகாரிகளுக்குத் தரும் பட்டம். ஆக, கொன்றவர்கள் அரண்மனைக்கு உள்ளேயே பதவியில் இருந்தவர்கள். கல்கியின் நாவலில் ரவிதாசனை மந்திரவாதியாகப் பார்த்துப் பழகிய நமக்கு, கல்லில் அவன் பட்டத்தோடு நிற்பதைப் பார்க்கும்போது அடிவயிறு கலங்குகிறது.

கொலைக்கும் இந்த ஓலைக்கும் நடுவில் 15 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. இடையில் ஆண்டவன் உத்தம சோழன். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவன் மீதே சந்தேகப்பட்டார், சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்து எழுதினார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்த 15 ஆண்டுகள்தான். என் மாதவன் வேதம் படிக்க வந்த மாணவனாக அந்த ஊரில் நுழைவது அந்த இடைவெளியில். சோழர் அரண்மனை இருந்த பழையாறையிலிருந்து அனுப்பப்பட்ட ஒற்றன் என்று யாருக்கும் தெரியாது. துரோகிகளின் தங்கை நங்கையைப் பார்க்கிறான். மீதி உனக்குத் தெரியும். குளத்தங்கரை அத்தியாயத்துக்கு நீ ஓரத்தில் எழுதிய குறிப்பை என் வீட்டுக்காரரிடம் இன்னும் காட்டவில்லை.

இனிமேல்தான் விஷயம். ஓலை துரோகிகளோடு நிற்கவில்லை. அவர்கள் தம்பிமார், மக்கள், மனைவிமார், பெற்றவள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அச்சில் படிக்கும்போது இந்தப் பட்டியலைக் கண்ணால் தாண்டிவிடுவேன். கல்லில் தாண்ட முடியாது, ஒவ்வோர் எழுத்தையும் விரல் தொட்டாக வேண்டும். அப்படித் தொட்டுக்கொண்டே போன விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. "உடப்பிறந்த பெண்களை வேட்டார்." அவர்களோடு பிறந்த பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்கள் சொத்தும் போக வேண்டும்.

செல்வி, அது மாதவன்தானே?

அவன் அனுப்பிய ஒற்றுச் செய்தியில் பிறந்த ஆணை, அவனையே வந்து பிடிக்கிறது. ஊருக்குத் தெரியாமல் நங்கையின் கழுத்தில் தாலி கட்டிய நிமிஷத்திலிருந்து அவனும் அந்தப் பட்டியலில் ஒருவன். குருக்கள் "என்னம்மா, தலை சுற்றுகிறதா?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இது ராஜராஜன் அன்றைக்குக் கோபத்தில் எழுதிய பட்டியலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துப் பார்த்தேன். பராந்தகன் காலம், 921. குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில், கணக்குக் காட்டாதவனோடு சேர்த்து அவன் சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், உடன்பிறந்தாளை வேட்டவன் வரை விலக்குகிறார்கள். அதே உறவு வலை. அறுபது எழுபது வருடமாகச் சபைகள் வீசிப் பழகிய வலையைத்தான் ராஜராஜனும் எடுத்திருக்கிறான். குற்றம் ஒருவனுடையது என்றாலும் கணக்குத் தீர்ப்பது குடும்பத்தோடு என்பது அவர்களுக்கு விசித்திரமாகவே பட்டிருக்காது. நாம் ஒருவரைப் பார்த்து "எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பதும் அந்தக் கேள்விதானே.

"ராஜாவுக்கு மாதவன் யாரென்று தெரியாதா? அவனை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று" என்பாய். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்: அரசர் நிலம் கொடுக்கிறார், மாலை போடுகிறார், சபை வாழ்த்துகிறது. இப்போது வள்ளுவர் வந்து குறுக்கே நிற்கிறார். ஒற்றாடலின் கடைசிக் குறளை எடுத்துப் பார்.

சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க செய்யின்
புறப்படுத்தான் ஆகும் மறை.

ஊரறிய ஒற்றனுக்குச் சிறப்புச் செய்தால் ரகசியத்தைத் தானே வெளியில் போட்டதாகும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த குறள். அதற்குள் இவ்வளவு கொடுமை இருப்பது இப்போதுதான் உறைத்தது. மாதவனை விட்டுவிடச் சொல்லி ஓலையில் ஒரு சொல் எழுதினால், ஏன் அவனுக்கு மட்டும் என்று சபை கேட்கும். அந்த ஊரிலேயே அவனைப் போல இன்னும் இருவர் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்று அதற்கு முந்தைய குறளே சொல்கிறதே. இவன் வெளிப்பட்டால் அவர்களும் வெளிப்படுவார்கள். ஆகவே அரசன் வாய் திறக்க முடியாது, மாதவனும் திறக்க முடியாது. நம் கதைகளில் ஒற்றன் மாறுவேடத்தைக் கழற்றியதும் கைதட்டல் கிடைக்கிறது. உண்மையான ஒற்றன் வேடத்தைக் கழற்றவே முடியாதவன்.

அந்த அத்தியாயத்தை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். ஓலையை நிறைவேற்ற வந்தவர்கள் கொட்டையூர் பிரம்மஸ்ரீராஜனும் புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டனும். இந்தப் பெயர்களும் கல்லிலேயே இருக்கின்றன. அவர்கள் கண்காணிக்க, பட்டியலில் உள்ளவர்களின் நிலங்களைச் சபை விலைக்கு விற்க வேண்டும். கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து தாம் அந்த வீட்டுக்கு என்ன உறவு என்று சொல்கிறார்கள். சிலர் உறவே இல்லை என்கிறார்கள். மாதவன் முறை வருகிறது. அவன் கல்யாணம் ஊருக்குத் தெரியாது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எழுந்து நின்று, "உடன்பிறந்தாளை வேட்டவன்" என்கிறான். அவ்வளவுதான். ஓலை எழுதுபவன் எழுத்தாணியை நிமிர்த்திப் பெயர் கேட்கிறான்.

இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. இரண்டு வருடத்தில் இந்த ஓர் இடம்தான் உண்மையாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். ஊருக்கு வந்த ஒரு பாணனை ஒற்றன் என்று பிடித்துவிடுகிறார்கள், உண்மையான ஒற்றன் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இதற்கு வித்து புறநானூறு 47. உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்று வந்தான் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான், கோவூர் கிழார் ஒரு பாட்டுப் பாடி மீட்கிறார். பரிசிலர் பறவை போல ஊர் ஊராகப் பறந்து, கிடைத்ததைச் சுற்றத்துக்குக் கொடுத்து வாழ்பவர்கள், பிறருக்குத் தீங்கு நினைப்பவர்களா என்று கேட்கிறார். சந்தேகத்துக்கும் வாளுக்கும் நடுவில் ஒரு மனிதன் போய் நின்றிருக்கிறான். என் கதையில் அப்படி நிற்க வேண்டியவன் மாதவன், நிற்காமல் இருந்துவிடுகிறான். பின்னால் சபையில் எழுந்து நிற்பதற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

ஓலையில் ஓரிடத்திலும் தலையை வாங்கு என்று இல்லை. நிலம், வீடு, உடைமை, அவ்வளவுதான். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், இருக்க இடம் இல்லாமல். நங்கையும் உயிரோடு இருக்கிறாள்.

அவளிடம்தான் வந்து நிற்கிறேன், செல்வி. தன் அண்ணன்மார் செய்தது அவளுக்குத் தெரியாது. செய்தார்கள் என்பது உண்மை. சாட்சி சொன்னவன் யார் என்றும் அன்று தெரிந்துவிடுகிறது. இத்தனை வருடம் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் கையால் மோர் வாங்கிக் குடித்தவன். பெயரைச் சபையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். அவள் வாசலில் இருக்கிறாள். இதற்கு மேல் எனக்கு ஒரு வரி வரவில்லை. நான்கு இரவுகளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

நான் கேட்கப் போவது உனக்குப் புரிந்திருக்கும். இருபத்தெட்டு வருடமாக நாம் இருவரும் பேசாத பேச்சு. உன் அண்ணன் மீது அந்தக் கையாடல் வழக்கு வந்தபோது சாட்சிக் கூண்டில் ஏறியது என் அப்பா. அவர் சொன்னது உண்மை, உன் அண்ணனும் பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் நிச்சயமான உன் கல்யாணம் நின்றது. உன் அம்மா குழாயடிக்கு இருட்டிய பிறகுதான் வந்தார். நீ ஒரு பைசா தொடவில்லை, கணக்கு உன்னிடமிருந்தும் வசூலானது. நான் நான்கு மாதம் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்பா போகக் கூடாது என்று சொல்லவில்லை. நானாகத்தான் வரவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று தெரியவில்லை. இதை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்: அது தப்பு, செல்வி. அந்த நான்கு மாதத்துக்கு என்னை மன்னித்துவிடு.

பிறகு நீயே வந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். கையில் முறுக்குப் பொட்டலம். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மாமா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் ஆடியதை நான் வாசல்படியிலிருந்து பார்த்தேன்.

நங்கை மன்னிக்கிறாள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். மன்னிக்கவில்லை என்று எழுதுவது அதைவிடச் சுலபம். எங்கள் தெருமுனை திரும்பி, அந்தத் திண்ணை வரை நடந்து வந்தாயே, அந்த இருபது முப்பது அடி தூரத்தில் உன் மனதில் என்ன ஓடியது? அதை எனக்கு எழுது. எழுத முடியாது என்றால் அதையும் எழுது, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன். நீ சொல்லாத எதையும் அவள் வாயில் வைக்க மாட்டேன்.

கிழித்த அத்தியாயத்துக்குப் பதிலாகப் புதிதாக எழுதிய பதினாறு பக்கத்தையும் நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன். இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து படி. கடைசித் தாள் ஒன்று வெறுமையாக இருக்கும், அது தவறிப்போய் வைத்ததல்ல.

உன்
ரெண்டாவது ஆள்