சர்க்கரை இல்லாத சாக்லேட்டும் உன் வீட்டுச் சுக்குக் காபியும்

குன்னூர்,
டிசம்பர் 12

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இப்போது ஊசியில் நூலைத் தானே கோத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

இங்கே குளிர் நன்றாக இறங்கிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கே கை விறைக்கிறது, ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வருவதில்லை. ஊட்டிப் பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி.

இவருக்கு சுகர் என்று ஜூனில் எழுதியிருந்தேன் அல்லவா? மே மாதம் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.2 இருந்தது. மாத்திரை, தினமும் நடை, சோறு பாதி என்று இருந்ததில் அக்டோபரில் 6.9க்கு இறங்கியிருக்கிறது. எதற்கும் இவர் முகம் சுளித்ததில்லை. ஆனால் போன மாதம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோருக்கும் சூடாக ஹாட் சாக்லேட் கொடுத்தார்கள். இவர் மட்டும் வெந்நீர்த் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சர்க்கரையை விட்டுவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். 200 மில்லி பாலிலேயே கிட்டத்தட்ட 10 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சீனி சேர்த்தால் இன்னொரு 10 கிராம். டிரிங்கிங் சாக்லேட் டப்பாக்களைத் திருப்பிப் பார், பெரும்பாலானவற்றில் முதலில் எழுதியிருப்பதே சர்க்கரைதான். கருப்பட்டி போடலாமே என்று நீ கேட்பாய். அதன் ருசிக்கு ஈடே இல்லை, ஆனால் ரத்தத்தில் போய்ச் சேரும்போது அதுவும் சர்க்கரைதான். சீனித்துளசிப் (ஸ்டீவியா) பொடியும் போட்டுப் பார்த்தேன். ஒரு சிட்டிகை கூடினாலும் அடிநாக்கில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு ராத்திரி உன் வீட்டு ஞாபகம் வந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து நாகர்கோவிலில் உங்கள் வீட்டுக்கு நடந்து வருவோமே, வாசலில் ஸ்டார் எரியும், குடிலுக்குப் பக்கத்தில் உன் தம்பி தூங்கிக்கொண்டிருப்பான். அம்மா பெரிய செம்பில் சுக்குக் காபி வைத்திருப்பார்கள். முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்தால் தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் சூடு இறங்கும். அந்தச் சூடு சுக்கிலும் மிளகிலும் மல்லியிலும் இருந்து வந்தது, கருப்பட்டியிலிருந்து இல்லை. இவ்வளவு நாளும் நான் இனிப்புக்கு மாற்றாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது காரத்தையும் வாசனையையும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

யோசித்தால் சாக்லேட்டே அப்படித்தான் பிறந்திருக்கிறது. மெக்சிகோப் பக்கம் மாயா மக்களும் அஸ்டெக் மக்களும் கொக்கோவை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, மிளகாயும் வனிலாவும் சேர்த்துக் குடித்தார்கள். கரும்புச் சர்க்கரை ஸ்பெயின்காரர்கள் வந்த பிறகு சேர்ந்தது. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்தூக்கி ஊற்றி நுரை எழுப்புவார்களாம், பழைய மாயா ஜாடி ஒன்றில் அந்தச் சித்திரமே இருக்கிறது. நம் ஊர் டீக்கடையில் ஆற்றுவது போலவே! அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, செய்முறையைச் சொல்கிறேன். இரண்டு தம்ளருக்கு ஒரு இஞ்சு பட்டை, இரண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு, நான்கு மிளகு, கால் ஸ்பூன் சுக்குப்பொடி. பட்டை மெல்லிய சுருளாக இருக்கும் இலங்கைப் பட்டையாக இருக்கட்டும், தடித்த பட்டை காட்டமாக முந்திக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டி ஒன்றரை தம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு தம்ளராக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டு.

கொக்கோப் பொடி இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை சேர்க்காதது. நான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளைந்த கொக்கோவின் பொடி வாங்கினேன், வாசனை அருமை. அதை அப்படியே கொதிக்கும் தண்ணீரில் கொட்டிவிடாதே. அதில் கொழுப்பு இருப்பதால் தண்ணீரோடு சேராமல் கட்டி கட்டியாக மிதக்கும். இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுச் சந்தனம் போலக் குழைத்துக்கொண்டு, பிறகு கஷாயத்தில் கரை. ஒரு துண்டு 85 சதவீத டார்க் சாக்லேட்டும், மறக்காமல் ஒரு சிட்டிகை உப்பும் போடு. கசப்பை அடக்குவது உப்புதான். கடைசியில் அடுப்பைத் தணித்து, முதல் தேங்காய்ப்பால் முக்கால் தம்ளர். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்கிவிடு. இறக்கி நன்றாக ஆற்று, நுரை நுரையாக வரும்.

என் கணக்குப்படி தம்ளருக்கு ஐந்தாறு கிராம் மாவுச்சத்துதான். ஆனால் தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, அதனால் சின்னத் தம்ளரில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் சுகர் உள்ளவர் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

நேற்று இவருக்குக் கொடுத்தேன். முதல் வாய் குடித்துவிட்டுப் பேசவே இல்லை. பிறகு, "இதில் மிளகு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மீதியை மெதுவாகக் குடித்து முடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தோம், சுகர் 138தான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. உன் அம்மா காபியை இறக்குவதற்கு முன்னால் முந்தானைக்குள்ளிருந்து ஏதோ இலையைக் கிள்ளிப் போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? துளசி போட்டுப் பார்த்தேன், அந்த வாசனை வரவில்லை. கற்பூரவல்லியாக இருக்குமோ? 24ஆம் தேதிக்குள் கேட்டு எழுதிவிடு. கடிதம் தாமதமாகும் என்றால் போனாவது போடு ஏட்டி, அம்மாவிடமே நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி