எந்த யோகா என்று சொல்லிவிட்டு விளம்பரம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் சமூக மன்ற அறிவிப்புப் பலகையிலும் எங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகிலும் யோகா வகுப்பு விளம்பரம் இல்லாத மாதமே இல்லை. நாள், நேரம், கட்டணம் எல்லாம் இருக்கும். எந்த வகை யோகா என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

நான் டாக்சி ஓட்டி ஓய்வுபெற்றவன். இடுப்பு வலி அந்தத் தொழில் கொடுத்த சொத்து. ‘எல்லா வயதினருக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்த ஒரு தனியார் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் வின்யாசா. மூச்சோடு சேர்த்து ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நிற்காமல் ஓட வேண்டும். இளவயதினருக்கு அருமையான பயிற்சி, வியர்வையும் தெம்பும் சேர்ந்தே வரும். எனக்கோ கண் அழுத்த நோயும் உண்டு. தலை கீழே போகும் நிலைகளில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். சேரும்போது என் உடல்நிலை பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டணமும் திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

இப்போது ஐயங்கார் முறைக்குப் போகிறேன். மரக்கட்டை, வார்ப்பட்டை, நாற்காலி, சுவர் எல்லாவற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையிலும் நிதானமாக நிற்க வைக்கிறார்கள். திரிகோணாசனத்தில் கை தரையைத் தொடாவிட்டால் கட்டையைத் தொட்டால் போதும். முதலில் ஆசிரியர் கேட்டதே கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பற்றித்தான். இடுப்பு எவ்வளவோ தேவலை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் யோகாவையும் அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்’ 2017இல் சேர்த்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நிதானமான முறையைத் தந்த பி.கே.எஸ். ஐயங்காரும், வேகமான அஷ்டாங்க வின்யாசாவைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸும் மைசூரில் ஒரே குருவிடம், கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்தவர்கள். அவரே பின்னாளில் சென்னையில் ஆளுக்கு ஏற்றபடி தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். குருவே ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்!

நமக்குப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் துறவியாகும் முன் 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராக இருந்தார், ஜோகூரிலும்தான். அவர் பெயரில் நடக்கும் வகுப்புகளில் 12 அடிப்படை ஆசனங்கள், இடையிடையே சவாசன ஓய்வு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

என் மகள் நாற்பது டிகிரி சூட்டு அறையில் செய்யும் யோகாவுக்குப் போகிறாள். சிங்கப்பூரில் காசு கொடுத்தா வியர்க்க வேண்டும் என்று கேட்டால் முறைக்கிறாள். சரி, அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதய நோயாளி தெரியாமல் அந்த அறைக்குள் போய்விடக் கூடாது. இரவு ஷிப்டில் தூக்கம் கெட்ட எனக்கு யோக நித்ரா உதவுகிறது. ஆசனமே கிடையாது, படுத்துக்கொண்டு ஆசிரியரின் குரலைப் பின்தொடர்ந்தால் போதும். அப்புறம், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும் பழக்கம். மனம் படபடக்கும்போது அதுதான் எனக்குக் கைகொடுக்கிறது.

வகுப்பு நடத்துவோர் விளம்பரத்தில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்க்கட்டும்: என்ன முறை, வேகமா நிதானமா, தலைகீழ் நிலைகள் உண்டா, நாற்காலியில் அமர்ந்து செய்யலாமா. சேரும்போது ரத்த அழுத்தம், கண், முட்டி, முதுகு பற்றிக் கேட்கட்டும். ஜூன் 21 யோகா தின நிகழ்ச்சிகளில் முதியோருக்கு நாற்காலி யோகாவுக்கென ஒரு பக்கம் ஒதுக்கினால் நல்லது.

சமூக மன்றங்களில் தமிழிலும் வகுப்பு வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் என் மனைவி பாதி நேரம் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கழுத்து வலிதான் மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர்,
தோ பாயோ