கூடு கட்டும் மாதங்களில் வெட்டாதீர்கள்: மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்மன் மாமா, செக்ரட்டரி மேடம், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பின்பக்கச் சுவரோரம் போன வாரம் செடிகளை வெட்டித் தள்ளிய வேலையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆள் வைத்தது நீங்கள், பில்லில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள். மழைக்கு முந்தைய வேலை முடிந்தது என்று வாட்ஸ்அப் குழுவில் படமும் போட்டீர்கள். இப்போது சி விங் பக்கமும் அடுத்த வாரம் ஆள் வருவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறீர்கள். அதனால் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அந்த வேலையைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, விழப்போகிற கிளையைத் தவிர வேறு எதையும் நம் வளாகத்தில் வெட்டாதீர்கள்.

சுவரோரம் இருந்ததைப் புதர் என்றீர்கள். செம்பருத்தி, மருதாணி, இட்லிப்பூ, நடுவில் தானாக முளைத்த சில செடிகள். யாரும் சீவாமல் விட்டதால் அடர்ந்து வளர்ந்திருந்தன. செம்பருத்தியில், கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், செம்மீசைச் சின்னான் கூடு கட்டியிருந்தது. புல்புல் என்றால் எல்லோருக்கும் தெரியும். தலையில் கூர்மையான கறுப்புக் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு. கூட்டில் மூன்று குஞ்சுகள். இறகு இன்னும் சரியாக முளைக்கவில்லை.

மெஷின் வந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் தரையோடு தரையாகிவிட்டது. வேலை செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சுத்தம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினார்கள். அவர்களில் ஒருவர், வயதில் சின்னப் பையன், விழுந்த கூட்டைக் குஞ்சுகளோடு எடுத்துச் சுவர்மேல் வைத்தார். அன்று அங்கே அந்த அளவு அக்கறை காட்டியவர் அவர் ஒருவர்தான். மதியத்துக்குள் காகங்கள் வந்து முடித்துவிட்டன. காகத்தையும் குறை சொல்ல முடியாது.

எனக்குத் தாங்க முடியாதது அதற்கப்புறம் நடந்தது. தாயும் தகப்பனும் வாயில் புழுவோடு திரும்பத் திரும்ப வந்தன. செடி இருந்த இடத்தில், கூடு இருந்த அதே உயரத்தில், அந்தரத்தில் ஒரு நொடி சிறகடித்து நிற்கும். உட்காரக் கிளை இல்லை. சுவர்மேல் போய் உட்காரும், கூப்பிடும், மறுபடி வரும். இருட்டும் வரை இதேதான். மறுநாள் காலையிலும் வந்தன, அப்போதும் வாய் நிறைய இரையோடு. பி விங் குழந்தைகள் ஜன்னலில் நின்று இதைப் பார்த்தார்கள். "ஆண்ட்டி, அதுக்குத் தெரியலையா?" என்று ஒரு குழந்தை கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. குழு சார்பில் யாராவது அந்தக் குழந்தையிடம் பேசினால் நல்லது.

தவிர்த்திருக்கக்கூடிய விஷயம் இது. மும்பைக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வருகிறது. அதற்கு முன் கிளை கழிக்க வேண்டும் என்று ஊர் முழுக்க ஏப்ரல், மே மாதங்களில் வெட்டுகிறார்கள். பாடும் பறவைகளில் பலவும் கூடு கட்டுவது சரியாக அதே மாதங்களில்தான், ஏனென்றால் குஞ்சுக்கு வேண்டிய புழு பூச்சி மழையை ஒட்டித்தான் பெருகும். மழைக்கு முன் வெட்டுவது என்றால் மே மாதம்தான் வெட்ட வேண்டுமா? டிசம்பரும் ஜனவரியும் மழைக்கு முன்தானே? அதே கிளை, அதே ஆள், அதே கூலி. கூடு மட்டும் இருக்காது. சரி, மே மாதத்தில்தான் ஒரு கிளை ஆபத்தாகத் தெரிகிறது என்றால், வெட்டும் முன் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும். புல்புல் முட்டையிட்டுக் குஞ்சு பறந்து போக ஒரு மாதம்கூட ஆகாது.

குயில் கூவுவதைக் கேட்டால் நம் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் வருகிறது. அறிவியல் வகைப்பாட்டில் குயில் பாடும் பறவை இனத்தில் சேராது, காகம் சேரும். அந்தக் குயில் முட்டையிடுவதும் காகத்தின் கூட்டில்தான். சி விங் பக்கத்துக் குல்மொஹர் (மயிற்கொன்றை) மரத்தின் உச்சியில் இப்போது காகக் கூடு இருக்கிறது. அதைத் தள்ளினால் குயிலையும் சேர்த்துத்தான் தள்ளுகிறோம். பக்கத்து மரப்பொந்தில் குண்டுக்கரிச்சான் இருக்கிறது. விடியும் முன் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து பாடுகிற அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவியை மராட்டிக்காரர்கள் தயாள் என்பார்கள். பாடும் பறவைகளுக்குப் பாட்டு பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை. குஞ்சு வளர்ந்த பறவைகளைக் கேட்டுத்தான் பழகுகிறது. வருஷா வருஷம் கூட்டைக் கலைத்தால் கேட்டுப் பழகக் குஞ்சு எங்கே இருக்கும்?

மார்கழியில் நம் ஹாலில் விடியற்காலை திருப்பாவை பாடுகிறோம். நீங்கள்தான் அதை நடத்துகிறீர்கள், நன்றாகவே நடத்துகிறீர்கள். பொழுது விடிந்ததற்கு ஆண்டாள் காட்டும் முதல் சாட்சி பறவைக் குரல்: "புள்ளும் சிலம்பின காண்." அடுத்த பாசுரத்தில் ஆனைச்சாத்தன் வருகிறது. இரட்டைவால் குருவி என்று நாம் சொல்லும் வலியன் அது என்கிறார்கள். இருட்டு விலகும் முன்பே கத்தத் தொடங்கும் பறவை அது. ஆண்டாள் கேட்டுத்தான் எழுதியிருக்கிறாள். குறுந்தொகையின் 85-ஆம் பாட்டில், வீட்டை மறந்த தலைவனுக்காகப் பேச வரும் பாணனிடம் தோழி சொல்கிறாள்: அவன் ஊரில் ஆண் குருவிகூட, சூல் முதிர்ந்த பேடைக்கு ஈனும் இடம் அமைக்கக் கரும்பின் வெண்பூவைக் கோதி எடுக்கும். தலைவன் செய்யத் தவறியதைச் சொல்ல அவளுக்கு ஒரு கூடு போதுமாக இருந்தது. அக்கறைக்கு அடையாளமாக நம் இலக்கியம் வைத்த அந்தக் கூட்டை நாம் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினோம்.

கோபம் இந்த ஒரு புதருக்காக மட்டும் இல்லை. செம்பூர் முழுக்க ரீடெவலப்மென்ட். பழைய கட்டடத்தோடு அதன் தோட்டமும் போகிறது. புதிதாக வருவதில் பேவர் பிளாக், பிளாஸ்டிக் புல், தொட்டியில் நாலு பனை. அங்கே புழு இல்லை, பூச்சி இல்லை, கூட்டுக்கு நார் இல்லை. புறாவுக்குச் சிமெண்ட் விளிம்பு போதும், அதனால் புறா மட்டும் பெருகுகிறது. தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைக்க இலையும் சிலந்தி நூலும் வேண்டும். தேன்சிட்டுக்குப் பூ வேண்டும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி பிறந்த ஊர் இது. சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட மஞ்சள் தொண்டைக் குருவி என்ன குருவி என்று கேட்கத்தான் அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குப் போனார். இன்று நம் சொசைட்டியில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு கேள்வி வர வேண்டுமென்றால், பார்க்க ஒரு குருவி வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. புகார் எழுதும் எண்ணமும் எனக்கு இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறோம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த வாரத்து வேலையை நிறுத்துங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெட்டுவதில்லை என்று குழுவில் தீர்மானம் போட்டு, அதை ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். பின்சுவரோரம் பேவர் பிளாக் போடும் யோசனையைக் கைவிட்டு அந்த இடத்தை அப்படியே விடுங்கள். வேர் இருக்கிறது, இந்த மழைக்கே துளிர்க்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சி விங் குல்மொஹரில் ஏறிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், கூலியை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
பி விங் குடியிருப்பவர்