கொட்டேஷனில் அந்த எண்ணையும் எழுதுங்கள்

கணினிக் கடை உரிமையாளர்களுக்கும், கவுன்டரில் நின்று கொட்டேஷன் எழுதித் தரும் தம்பிகளுக்கும் வணக்கம். கேமின் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி மெமரி இருக்கிறது என்ற எண்ணைப் பற்றியே இந்தக் கடிதம்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, ஒன்றரை ஆண்டு சேர்த்த பணத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் விமர்சனங்கள் பார்த்துத்தான் முடிவு செய்திருந்தான். கடையில் அந்தப் பெயரைச் சொன்னான், கொட்டேஷனிலும் அதே பெயர் எழுதப்பட்டது, பில்லிலும் அதே பெயர். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்து, "மாமா, கேம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் கதாபாத்திரம் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் நின்று நின்று போகிறது. சுவரெல்லாம் சேறு பூசினாற்போல் தெரிகிறது" என்றான். போய்ப் பார்த்தேன். விமர்சனங்களில் அவன் பார்த்தது 16 ஜிபி மெமரி உள்ள கார்டு, வீட்டில் இருந்தது 8 ஜிபி. பெட்டியின் மீது 8 என்று அச்சிட்டுத்தான் இருந்தது. ஆனால் பணம் கட்டும்வரை அவன் கையில் இருந்தது உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய காகிதம் மட்டுமே.

இந்தக் குழப்பத்தை நீங்கள் உண்டாக்கவில்லை, அது எனக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். ஜூனில் அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியை அதே இரு அளவுகளில், 299 டாலருக்கும் 349 டாலருக்கும் கொண்டுவந்தது. இது புதிய பழக்கமும் இல்லை. 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரில் 3 ஜிபியும் 6 ஜிபியும் வந்தன. அவற்றில் மெமரி மட்டுமல்ல, உள்ளிருந்து கணக்கிடும் கோர்களின் எண்ணிக்கையே வேறு. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4080 பெயரில் 12 ஜிபி கார்டு ஒன்றும் 16 ஜிபி கார்டு ஒன்றும் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில், 12 ஜிபி கார்டு விற்பனைக்கு வரும் முன்பே திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பு சொன்னால் பலன் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் "1080பி மானிட்டர்தானே, 8 ஜிபி தாராளம்" என்ற பேச்சு கடைகளில் பிறக்கிறது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். 1080பி மானிட்டரில் தெரியும், 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படம் மெமரியில் பிடிக்கும் இடம் சுமார் 8 எம்பி. கேம் இப்படிப் பல படங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும், இருந்தாலும் பெரும்பங்கை விழுங்குவது அவை அல்ல. சுவர், தரை, சட்டைத் துணி, முகத்தின் தோல் எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தும் டெக்ஸ்சர்கள்தான் அதைச் செய்கின்றன. 4096க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்கிய பிறகும், தொலைவில் காட்டுவதற்கான சிறு பிரதிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 21 எம்பி. ஒரு கல் சுவருக்கே நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று மூன்று வேண்டியிருக்கும். மானிட்டரில் புள்ளிகள் குறைவு என்பதற்காகக் கேம் இவற்றைத் தானாகக் குறைத்துக்கொள்வதில்லை. ஒளியின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங்கையும், இடையிடையே படங்களை உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷனையும் இயக்கினால் அவையும் தனியே இடம் கேட்கும்.

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்ற கேம் கன்சோல்கள் இரண்டிலும் பிராசசரும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் 16 ஜிபி மெமரி இருக்கிறது. பெரிய ஸ்டூடியோக்கள் இன்று அந்த அளவை மனத்தில் வைத்துத்தான் கேம் செய்கின்றன. 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் திணறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னர் வந்த அப்டேட்டுகள் நிலைமையைச் சீர்செய்தன, ஆனால் தேவை கூடும் திசை அன்றே தெரிந்துவிட்டது.

மெமரி நிரம்பினால் என்ன ஆகிறது? மிச்சம் மதர்போர்டில் உள்ள ரேமுக்குப் போகிறது. 5060 டிஐயின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி தரும். ஆனால் மதர்போர்டோடு தரவைப் பரிமாற அந்தக் கார்டுக்கு எட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் மட்டுமே. புதிய ஐந்தாம் தலைமுறை ஸ்லாட்டில் அது நொடிக்கு சுமார் 32 ஜிபி, நம் ஊர்களில் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கும் பி450 போன்ற மூன்றாம் தலைமுறை போர்டுகளில் சுமார் 8 ஜிபிதான். சமையல்கட்டில் இருக்க வேண்டிய உப்பை ஒவ்வொரு முறையும் கடைத்தெருவுக்குப் போய் வாங்கிவருவதைப் போன்ற தாமதம் அது. பழைய கணினியில் கார்டை மட்டும் மாற்ற வருகிறவர்தான் பெரும்பாலும் 8 ஜிபி வாங்குகிறார் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் கசக்கிறது.

கடையில் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டும் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையில் இது பிடிபடாது. நொடிக்கு எத்தனை படம் என்று சொல்லும் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே வரும். சில கேம்கள் இடம் போதாதபோது டெக்ஸ்சர் தரத்தைச் சொல்லாமலே இறக்கிவிடுகின்றன. எண் அப்படியே இருக்கும், படம்தான் கெடும்.

8 ஜிபி கார்டையே விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற இலகுவான கேம்களை மட்டும் ஆடுகிறவருக்கு அது போதும், அவரிடம் கூடுதல் பணம் வாங்குவதும் நியாயமில்லை. புதிய பெரிய கேம்களை நான்கைந்து ஆண்டு ஆட நினைப்பவருக்கு 1080பியிலும் 12 அல்லது 16 ஜிபி வேண்டும் என்பது என் கருத்து. 249 டாலர் விலையில் அறிமுகமான இன்டெல் ஆர்க் பி580யிலேயே 12 ஜிபி இருக்கிறது. பணம் அதற்கும் எட்டாவிட்டால், "இதில் டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து வைக்க வேண்டியிருக்கும்" என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை நினைவூட்ட வேண்டும். மெதுவான டிடிஆர்3 மெமரி கொண்ட ஜிடி 730 கார்டை "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று சொல்லி விற்ற காலம் இருந்தது. அந்தக் கார்டின் வேகத்துக்கு 4 ஜிபியால் பயனில்லை, ஆனாலும் கொட்டேஷனில் அந்த எண்தான் முதலில் நின்றது. பயனற்ற இடத்தில் முன்னே நின்ற எண், தேவைப்படும் இடத்தில் விடுபடுகிறது. வாடிக்கையாளர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்?

பிளஸ் டூ முடிவுகள் வந்து, பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தவுடன், பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கும் தங்கள் ஊர்க் கடைகளுக்கும் வருவார்கள். அப்பா கையில் பணம் இருக்கும், கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு முன் உங்கள் பில்லிங் மென்பொருளில் ஒவ்வொரு கார்டின் பெயரையும் திறந்து, பக்கத்தில் 8 ஜிபி, 12 ஜிபி, 16 ஜிபி என்று சேர்த்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். ஒரே பெயரில் இரண்டு அளவு இருந்தால், இரண்டின் விலையையும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்த வரியில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் இருபது ஆண்டாகப் பாகங்கள் வாங்கிவரும் ஒரு வாடிக்கையாளர்