‘பிறகு’ பொத்தானை அழுத்தச் சொல்லும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகக் கணினிகளில் எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவெடுக்கும் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பும் சுற்றறிக்கைகள் கடைசியில் என்னைப் போன்றவர்களிடம்தான் வந்து சேர்கின்றன. வழக்கமாக நாங்கள் பதில் எழுதுவதில்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் போய்விடுவோம். இந்த முறை எழுத வைத்தது ஒரு துண்டுத் தாள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. கணினி ஊர்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனால், திரையின் கீழ் விளிம்பில் ஒரு தாள். ஒட்டிய பசைநாடா பழுப்பேறி ஓரங்களில் சுருண்டிருந்தது. ‘அப்டேட் கேட்டால் “பிறகு” என்பதை மட்டும் அழுத்தவும். கணினியை அணைக்க வேண்டாம். மீறினால் சம்பளப் பட்டியல் திறக்காது’ என்று தட்டச்சு செய்து, கீழே முத்திரையும் குத்தியிருந்தார்கள். பிரவுசரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட டேப்கள் நக அகலத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வலது மேல் மூலையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு. “இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?” என்று அந்த இருக்கையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது சார். வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அதுதான் பிரவுசரின் நிறம் என்று நினைத்தேன்” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முத்திரை குத்திய ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர் அவர். குரோமில் அந்த அறிவிப்பு பச்சையாக இருந்தால் அப்டேட் வந்து இரண்டு நாள் ஆகவில்லை என்று பொருள். ஆரஞ்சு என்றால் ஏறக்குறைய நான்கு நாள். சிவப்பு என்றால் குறைந்தது ஒரு வாரம். புதிய பதிப்பு கணினிக்குள் வந்து இறங்கிவிட்டது, பிரவுசரை ஒருமுறை மூடித் திறப்பதற்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்தை வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு நோயோடு உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது.

உங்கள் சுற்றறிக்கைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: ‘ஊழியர்கள் கண்ட இணைப்புகளையும் கிளிக் செய்யக் கூடாது.’ நல்ல அறிவுரைதான். ஆனால் பிரவுசரின் பாதுகாப்பு ஓட்டை என்பது வேறு விஷயம். அங்கே ஊழியர் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை, எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் திரையில் திறந்தாலே காரியம் முடிந்துவிடும்.

எப்படி என்று கேட்பீர்கள். பிரவுசர் ஒவ்வொரு பக்கத்துக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது, வேலை முடிந்ததும் காலி செய்கிறது. ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தங்கியவர் அறையைக் காலி செய்துவிட்டார். ஆனால் அவரது சாவியைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த திருடன் அதே அறையை வாடகைக்கு எடுத்து, தனக்கு வேண்டியதை உள்ளே அடுக்கி வைத்துக் காத்திருக்கிறான். பழைய சாவியோடு வரும் ஆள், தன் அறைதான் என்று நம்பி, அங்கே இருப்பதை எடுத்துப் பயன்படுத்துகிறார். பிரவுசர் நிரலில் இப்படித் திரும்ப வாங்காமல் விட்ட சாவிகள் ஏராளம். குரோமுக்கு அடிப்படையான நிரலை உருவாக்கும் குரோமியம் திட்டத்தினர் 2015 முதல் பதிவான கடுமையான பாதுகாப்புப் பிழைகள் 912-ஐ ஆராய்ந்து, அவற்றில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைக் கையாள்வதில் நேர்ந்தவை என்று 2020-இல் சொன்னார்கள். அவற்றில் பாதி நான் சொன்ன இந்தச் சாவிக் கதைதான். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரலை மனிதர்கள் எழுதினால் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் அப்டேட்கள் ஓயாமல் வருகின்றன. வருவது நல்ல அறிகுறி.

இதில் பலருக்கும் புரியாத ஒரு கண்ணி இருக்கிறது. அப்டேட் வெளியாகும் நாளில் ஆபத்து குறைகிறது என்று நினைக்கிறோம். அப்டேட் செய்துகொண்டவர்களுக்குத்தான் குறைகிறது. மற்றவர்களுக்குக் கூடுகிறது. குரோமியம் திறந்த மூலநிரல். எந்த வரியில் என்ன திருத்தினார்கள் என்பதை யாரும் படிக்கலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவனுக்குத் தெரிந்துவிடும். பூட்டை மாற்றிய வீட்டைப் பார்த்து, மாற்றாத வீட்டுக்குச் சாவி செய்கிறான். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டிலிருந்து குரோம் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியது. அவர்கள் வாரக் கணக்கில் ஓடுகிறார்கள். நாம் இரண்டு மாதமாகச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

“எங்கள் ஊழியர்கள் நல்ல தளங்களுக்கு மட்டுமே போகிறார்கள்” என்று ஒரு மேலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற தளங்களுக்குப் போனவர்களும் நல்ல தளத்துக்குத்தான் போனார்கள். அங்கே விளம்பர வலையமைப்புகளின் வழியாக நச்சு விளம்பரங்கள் நுழைந்தன. செய்தி படிக்க வந்தவரின் கணினியில் அடைக்காத ஓட்டை இருந்தால் அதன் வழியே தீநிரல் இறங்கியது. அந்தத் தளங்கள் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு பக்கம் என்பது பத்துப் பதினைந்து வேறு இடங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டிய தாள். அதில் எந்தத் துண்டில் நஞ்சு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

படம்கூடப் போதும். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தைப் படித்துக் காட்டும் நிரல் நூலகத்தில் ஓர் ஓட்டை வெளிவந்தது. அப்போதே அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 11 அன்று குரோமும் மறுநாள் ஃபயர்ஃபாக்ஸும் திருத்தம் வெளியிட்டன. போட்டியாளர்களான இரண்டு பிரவுசர்களும் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தியதால் இரண்டும் ஒரே சமயத்தில் ஓட வேண்டியிருந்தது. குரோமியத்தை உள்ளே வைத்துக் கட்டிய அரட்டைச் செயலிகள், குறிப்பேட்டுச் செயலிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அப்டேட் தேவைப்பட்டது. ‘நாங்கள் அந்த பிரவுசரைப் பயன்படுத்துவதில்லை’ என்பவர்களின் கணினிகளிலும் அந்த பிரவுசர் வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்டேட் சில சமயம் வேலையைக் கெடுக்கும். சம்பள நாளில் பட்டியல் திறக்காமல் போனால் திட்டு வாங்குவது நீங்கள். ஓட்டையை எழுதிய நிரலாளர் அல்ல. அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பழைய மென்பொருளுக்காக எல்லாக் கணினிகளையும் உறைய வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு நாடே அனுபவித்துக் காட்டியிருக்கிறது. 1990-களின் இறுதியில், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்தை, அதிலும் வலுவானதை, ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு வைத்திருந்தபோது, தென் கொரியா சீட் என்ற சொந்த மறையாக்க முறையை உருவாக்கியது. அதை பிரவுசரில் இயக்க ஆக்டிவ்எக்ஸ் என்ற துணைநிரல் தேவைப்பட்டது. ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும். அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் வங்கி, அரசு, கடை என்று எல்லாத் தளங்களும் அந்த ஒற்றை பிரவுசரோடு பல ஆண்டுகள் கட்டுண்டு கிடந்தன. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு, ‘நிறுவவா?’ என்று எந்தப் பெட்டி கேட்டாலும் ‘ஆம்’ என்று அழுத்த மக்களைப் பழக்கிவிட்டது. அந்த ஏற்பாட்டின் அச்சாணியாக இருந்த, இணையத்தில் ஆளை உறுதிப்படுத்தும் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் முறை 2020 டிசம்பரில்தான் ஒழிந்தது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றுவிட்டது. இன்னும் அதையே கேட்கும் மென்பொருள் உங்களிடம் இருந்தால் அதற்கும் வழி உண்டு: எட்ஜ் பிரவுசருக்குள் பழைய எக்ஸ்ப்ளோரர் முறை ஒன்று இருக்கிறது. எந்தெந்த முகவரிகள் மட்டும் அந்த முறையில் திறக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்துவிடலாம். சம்பளப் பட்டியல் பழைய முறையில் ஓடட்டும். மற்ற இணையம் முழுவதும் புதிய பிரவுசரில் ஓடட்டும். ஒரு சன்னல் கதவு மாட்டிக்கொண்டது என்பதற்காக வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவார்களா? இந்த ஏற்பாட்டுக்கு அரை நாள் வேலை. 2029 வரையாவது ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதற்குள் புதிய மென்பொருளுக்கு நிதி ஒதுக்குவது உங்கள் பாடு.

மூடித் திறப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஊழியர்கள் பிரவுசரை மூடாததற்குச் சோம்பல் காரணமல்ல. அந்த ஐம்பது டேப்கள்தான் அந்தப் பெண்ணின் நினைவாற்றல்: முடிக்காத விண்ணப்பம், நாளை பார்க்க வேண்டிய கடிதம், யாரோ அனுப்பச் சொன்ன பட்டியல். மூடினால் எல்லாம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அந்த அறிவிப்பின் வழியாக மறுதொடக்கம் செய்தால் டேப்கள் தாமாகவே திரும்ப வந்துவிடும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சன்னல்கள் திரும்பாது, பாதி நிரப்பிய படிவங்கள் அழிந்து போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் முதல் முறை ஏமாந்தவர் இரண்டாம் முறை நம்பமாட்டார். நிர்வாகக் கொள்கை அமைப்பில் இதற்கென்றே வசதி இருக்கிறது. இத்தனை நாளுக்குள் மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று கெடு வைத்து, கெடு நெருங்கும்போது திரையில் நினைவூட்டவும் செய்யலாம். அதை முடுக்கிவிடும் அதிகாரம் ஊழியரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மொழிபெயர்க்க ஒன்று, படம் பிடிக்க ஒன்று, கூப்பன் தேட ஒன்று என்று சேர்ந்திருக்கும். ‘நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி வாங்கியவை அவற்றில் பாதியாவது இருக்கும். நிறுவிய நாளில் யோக்கியமாக இருந்த எக்ஸ்டென்ஷன் கைமாறலாம். அதை எழுதியவரின் கணக்கே களவு போகலாம். அப்போது நச்சுப் பதிப்பும் அப்டேட்டாகத்தான் வந்து இறங்கும். அனுமதித்த பட்டியலைத் தவிர மற்றவற்றைத் தடுத்துவிடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும்.

அந்தத் தாள் செய்த இன்னொரு கெடுதலையும் சொல்கிறேன். உண்மையான அறிவிப்பை நம்பாதே என்று பழக்கியதன் மூலம், பொய்யான அறிவிப்பை அடையாளம் காணும் வாய்ப்பையும் அது கெடுத்துவிட்டது. ‘உங்கள் பிரவுசர் காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்தவும்’ என்று பக்கத்தின் நடுவே பெரிய பொத்தான் காட்டும் மோசடிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் போதும்: உண்மையான அறிவிப்பு பக்கத்துக்கு வெளியே, முகவரிப் பட்டையின் வரிசையில், பிரவுசரின் சொந்தச் சட்டத்தில் இருக்கும். பக்கத்துக்குள்ளே தோன்றி, கோப்பு ஒன்றைப் பதிவிறக்கச் சொல்வது பொய். சந்தேகம் இருந்தால் மூன்று புள்ளி மெனுவில் உதவிப் பகுதிக்குப் போய், ‘குரோமைப் பற்றி’ என்பதைத் திறந்தால் போதும். அந்தப் பக்கம் திறந்தவுடனே பிரவுசர் தானாகச் சரிபார்த்துக்கொள்ளும். ஒட்டுவதென்றால் இதைத் தாளில் அடித்து ஒட்டலாமே.

விண்டோஸ் 7 கணினிகளை இன்னும் இணையத்தில் வைத்திருப்பவர்களிடம் எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியவில்லை. குரோம் 109-தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது. அந்தக் கணினிகளில் எதை அழுத்தினாலும் அதற்கு மேல் போகாது. இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு அச்சிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அந்தக் கணக்குப் பிரிவுக் கணினிக்கு என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன். நான் எதையும் தொடவில்லை. தொட எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரியிடம் கேட்டேன். தாளைத் தான் ஒட்டவில்லை, தனக்கு முன் இருந்தவர் ஒட்டியது என்றார். முன் இருந்தவருக்கு ஃபோன் செய்தோம். ஒருமுறை அப்டேட் ஆனதும் சம்பளப் பட்டியல் திறக்காமல் போனது உண்மைதான், மென்பொருள்காரர்கள் அடுத்த வாரமே வந்து அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்றார். “அந்தத் தாள் இன்னுமா இருக்கிறது?” என்று அவரே வியந்தார்.

அனுமதி கிடைத்தது. முடிக்காத விண்ணப்பத்தை அந்தப் பெண் சேமித்துக்கொண்டார். சிவப்பு அறிவிப்பை அழுத்தினேன். சன்னல் மறைந்து, சில நொடிகளில் திரும்ப வந்தது. டேப்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. அவர் முதலில் சம்பளப் பட்டியலைத்தான் சொடுக்கிப் பார்த்தார். திறந்தது. கணினியின் ஊர்தலும் பெரும்பகுதி அதோடு நின்றது. வாரக்கணக்காக மூடாமல் விட்டதுதான் அதற்குக் காரணம்.

தாளை உரித்து எடுத்தபோது பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் தேதி இல்லை. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு தாளோ, அதே பொருளில் ஒரு சுற்றறிக்கையோ இருந்தால், அது எந்தத் தேதியில் எந்தப் பதிப்புக்காகப் போட்டது என்பதை மட்டும் இந்த வாரம் தேடிப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் எங்களில் யாரையாவது கூப்பிடுங்கள், வந்து உரித்துக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கணினிகளைப் பராமரிப்பவர்களில் ஒருவன்