மருந்துச் சீட்டுக்குப் பின்னால் ஆதாரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் என் அம்மாவுக்குச் சளி, இருமல். காய்ச்சல்கூட இல்லை. முதலில் பார்த்த டாக்டர் அசித்ரோமைசின் எழுதினார். நாலு நாளில் இருமல் நிற்கவில்லையே என்று இன்னொருவரிடம் போனால், அதைவிட வீரியமான ஆன்டிபயாடிக், கூடவே ஒரு ஊசி. மூன்றாவது டாக்டர்தான் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டுவிட்டு, "இது வைரஸ்மா, இருமல் மூணு வாரம்கூட இருக்கும், தானாப் போயிடும்" என்றார்.

பிரிட்டனில் எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது என்று பார்த்து டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதுவதற்காக 1999-இல் தொடங்கிய நைஸ் (NICE) அமைப்பு இதையே 2008-இல் வழிகாட்டியாக எழுதிவைத்துவிட்டது: சளி ஒன்றரை வாரம், இருமல் மூன்று வாரம், பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. அங்கே வழிகாட்டி எழுதும் குழுவில் டாக்டர்களோடு பொதுமக்கள் தரப்பிலிருந்தும் ஆட்கள் உட்காருகிறார்கள், வரைவை வெளியில் வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள், மருந்துக் கம்பெனியோடு தொடர்பு இருந்தால் அதையும் உறுப்பினர்கள் சொல்லியாக வேண்டும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் 2019 முதல், எந்த நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் அடங்கும் சிகிச்சை முறைகளை வெளியிட்டு வருகிறது. நல்ல வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் டாக்டரின் மேஜைவரை வர வேண்டும். அப்புறம், ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைப் பக்கத்திலேயே போட்டு, நோயாளிக்குப் புரியும்படி தமிழிலும் கொடுங்கள். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், இந்த ஊசி அவசியமா?" என்று கேட்பார்.

– ஒரு வாசகர், மதுரை