முக்காலி போட்டுக் கொடுத்தவருக்கு

நண்பர்களுக்கு,

படம் முடிந்துவிட்டது. இப்போதுதான் ப்ரஷ்களைக் கழுவி வைத்தேன். கையில் இன்னும் டர்பன்டைன் வாசம்.

நவம்பரில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி சொல்லப்போவதில்லை. மருத்துவமனையில் முறை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள், டிபன் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்தவர்கள், "சும்மா படுத்துக் கிடக்காதே" என்று ஆயில் பெயின்ட் பெட்டி வாங்கித் தந்த மச்சான், மாலை வகுப்பு ஆசிரியை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. நேரில் வந்து சொல்கிறேன். இந்த மடல் பெரும்பாலும் இன்னொருவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது.

ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த, ஆங்கிலத் தளபதி வெலிங்டன் பிரபுவின் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார் ஆசிரியை. தோல், துணி, உலோகம் மூன்றையும் ஒரே படத்தில் பழகிவிடலாமாம். "திப்புவோடு சண்டை போட்ட ஆளையா?" என்று மச்சான் முறைத்தான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கர்னலாக நின்ற அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். என்ன செய்ய, பாடம் பாடம்தான்.

லண்டன் நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அங்கே பென்சிலில் குறிப்பெடுப்பேன், வீட்டில் வண்ணம். அப்போது என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. முதல் வாரம் சுவரோரமாகச் சாய்ந்து நின்றதை அந்த அறைக் காவலர் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மடக்கு முக்காலியைக் கொண்டுவந்து, படத்திலிருந்து சரியான தூரத்தில் விரித்துப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளி நான் போகும் முன்பே அது அங்கே இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும். 1961இல் திருடு போய் 1965இல்தான் திரும்பி வந்த படம் அது. அதன் முன்னால் வாராவாரம் வந்து குந்தும் ஆளைக் காவலர் சந்தேகமாகப் பார்த்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டில் சிவப்புக் கோட்டு ஒருவழியாக வந்துவிட்டது. நிழலுக்குக் கறுப்பைக் கலந்து கரி பூசினதுபோல் ஆக்கி, சுரண்டி, அப்புறம் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் மீட்டேன். பதக்கங்களும் மின்னின. முகம் மட்டும் வரவில்லை. மூன்று முறை வரைந்தேன், மூன்றும் தபால்தலைத் தளபதிகள்.

நான்காவது வாரமோ ஐந்தாவதோ, அந்தக் காவலர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "எல்லோரும் பதக்கத்தையே பார்க்கிறார்கள். அவர் வாய் மூடியா இருக்கிறது?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். உதடுகள் லேசாகத் திறந்து மேல் பல் தெரிகிறது. இத்தனை வாரம் அதன் எதிரில் உட்கார்ந்தும், தளபதி என்றால் வாயை இறுக்கி மூடியிருப்பார் என்று நானாகவே மூடியிருக்கிறேன்! 1812 ஜூலை 22இல் ஸ்பெயினின் சாலமன்காவில் பிரெஞ்சுப் படையோடு போர், ஆகஸ்டில் மாட்ரிட் நுழைவு. அந்த மாதமே வெலிங்டன் கோயா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் தெரிவது வீரம் இல்லை, அசதி. நவம்பருக்கு அப்புறம் கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான்.

அன்றிரவே உதட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கோயாவே 1814 வரை பதக்கங்களைத் திருத்தியிருக்கிறார், எனக்கென்ன வெட்கம். இனி யார் முகமானாலும் முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு அவரிடம் காட்டப் போகிறேன். இப்போது ஒரு மணி நேரம்கூட நிற்க முடிகிறது. ஆனாலும் அவர் முக்காலியைப் போட்டால் உட்கார்ந்துகொள்வேன்.